இங்கிலாந்து கிராமப்புறத்தில் தனி சைக்கிள் பயணம்: கூடாரத்தோடு போகிறவர்கள் செய்யும் தவறுகள்

கூடாரம் கையோடு இருக்கிறது, இருட்டும்போது எங்காவது அடித்துக்கொள்ளலாம் என்ற நினைப்புதான் முதல் தவறு. இங்கிலாந்தில் ஆளரவமே இல்லாத காட்டுக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும்கூட ஓர் உரிமையாளர் இருப்பார். அவர் அனுமதி இல்லாமல் அங்கே இரவு தங்க உங்களுக்கு உரிமை கிடையாது. திறந்த நிலத்தில் பொதுவாகக் கூடாரம் அடிக்க இடம் தரும் ஸ்காட்லாந்தின் 2003ஆம் ஆண்டு நிலச் சட்டத்தைப் பற்றிப் படித்துவிட்டு, எல்லைக்குத் தெற்கிலும் அது செல்லும் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். செல்லாது. தென்மேற்கில் டார்ட்மூர் பொதுநிலங்கள் பெரிய விதிவிலக்கு. அங்கே கூடாரம் அடிக்கும் உரிமையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆனால் அதுவும் நடந்தோ குதிரையிலோ வருபவர்களுக்கான உரிமை. திறந்த மேட்டுநிலத்தில் சைக்கிளை ஓட்டிக்கொண்டு போக அது இடம் தராது.

ஆகவே ஒவ்வொரு நாளையும் இரவு தங்குமிடத்திலிருந்து பின்னோக்கித் திட்டமிட வேண்டும். முதலில் கேம்ப்சைட், பிறகு அதற்குப் போகும் வழி, கடைசியாகத்தான் புறப்படும் நேரம். பல கேம்ப்சைட்டுகள் ஈஸ்டர் முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். மே மாதத்தில் வரும் இரண்டு வங்கி விடுமுறைகளின்போதும் (பொது விடுமுறைகளை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) ஆகஸ்ட் கடைசித் திங்கட்கிழமையை ஒட்டியும் ஒரே ஓர் இரவுக்கு இடம் தர மறுப்பவர்கள் உண்டு. இணையத்தில் இடமில்லை என்று காட்டினாலும் தொலைபேசியில் கூப்பிட்டு, ஒரே ஆள், சின்னக் கூடாரம், கார் இல்லை என்று சொல்லிப் பாருங்கள். வேலியோரத்தில் ஓர் இடம் ஒதுக்கித் தருகிற பண்ணைக்காரர்கள் இருக்கிறார்கள். இன்று கேரவன்களால் நிறைந்திருக்கும் கேம்பிங் அண்ட் கேரவானிங் கிளப்பே 1901இல் சைக்கிளில் கூடாரம் கட்டிக்கொண்டு போனவர்கள் தொடங்கிய சங்கம்தான். கேட்பதற்குத் தயங்க வேண்டாம். 15 கி.மீ.க்குள் இன்னொரு கேம்ப்சைட்டையோ விடுதியையோ மாற்றாகக் குறித்து வையுங்கள்.

அடுத்த தவறு தூரக் கணக்கு. சுமையில்லாத சைக்கிளில் 100 கி.மீ. ஓட்டுகிறவர், 15 கிலோ சாமானோடும் அதையே ஓட்டலாம் என்று திட்டம் போடுகிறார். டெவனிலும் கார்ன்வாலிலும் பெரிய மலைகள் இல்லை. ஆனால் சாலை ஒவ்வோர் ஓடைக்கும் இறங்கி, உடனே மறுகரையில் செங்குத்தாக ஏறும். நாள் முழுக்க இதுதான். பிரிட்டனின் அரசு நில அளவை நிறுவனமான ஆர்டினன்ஸ் சர்வேயின் வரைபடத்தில் சாலை மேல் ஓர் அம்புமுனை இருந்தால் சரிவு 14 முதல் 20 சதவீதம். இரண்டு இருந்தால் 20க்கும் மேல். இரட்டை அம்புமுனைகளை எண்ணாமல் வழியை முடிவு செய்யாதீர்கள். முதல் நாட்களில் 50, 60 கி.மீ. போதும்.

கியரையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். முன் பல்சக்கரத்தில் 34 பல், பின் பல்சக்கரத்தில் 28 பல் என்றால் பெடல் ஒரு சுற்று சுற்றும்போது வண்டி சுமார் 2.6 மீட்டர் நகரும். 20 சதவீத ஏற்றத்தில் சுமையோடு அதை மிதிக்க முடியாது, இறங்கித் தள்ள வேண்டியதுதான். முன்னால் 22, பின்னால் 34 இருந்தால் ஒரு சுற்றுக்கு 1.4 மீட்டர்தான், மெதுவாகத்தான் போகும், ஆனால் முழங்கால் தப்பிக்கும். கூடாரத்தின் எடையில் 200 கிராம் குறைக்கப் பெரும் பணம் செலவழிப்பதைவிட, பின்சக்கரப் பல்தொகுதியை மாற்றுவது எவ்வளவோ மேல்.

காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும். மேற்குக் கரையிலுள்ள வைட்ஹேவனிலிருந்து கிழக்குக் கரைக்குச் செல்லும் சுமார் 220 கி.மீ. நீளமுள்ள சி2சி (கடலிலிருந்து கடலுக்கு) சைக்கிள் வழியை மேற்கிலிருந்து கிழக்காக ஓட்டுவது இதனால்தான். 580 மீட்டர் உயர ஹார்ட்சைட் கணவாயை எதிர்க்காற்றில் ஏறுவதை யாரும் விரும்ப மாட்டார்கள்.

வயல்களுக்கு நடுவே போகும் பாதைகள் எல்லாம் சைக்கிளுக்கு உரியவை அல்ல. மஞ்சள் அம்பு போட்டது நடப்பவர்களுக்கு மட்டும். நீல அம்பு போட்ட குதிரைப்பாதையில் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி சைக்கிள் போகலாம்; நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும். குதிரையை நெருங்கும்போது பின்னாலிருந்து மணியடிக்காமல், மெதுவாகக் குரல் கொடுங்கள். நீலப் பாதை என்றாலும் மழைக்குப் பிறகு களிமண் நிலத்தில் அதைத் தவிர்ப்பது நல்லது: மண் மட்கார்டுக்குள் அப்பிச் சக்கரத்தையே நிறுத்திவிடும். அடைத்திருக்கும் வேலிக்கதவை அடைத்தே விட்டுப் போங்கள்.

பஞ்சர் விஷயத்தில் பருவத்தைப் பார்க்காதது ஒரு தவறு. பறவைகள் கூடு கட்டும் காலம் என்பதால் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை வேலிச்செடிகளை வெட்டப் பொதுவாகத் தடை. தடை நீங்கியதும் செப்டம்பரிலிருந்து டிராக்டர் வெட்டும் ஹாதார்ன் என்ற வேலிச்செடியின் முட்கள் குறுகிய சாலைகளில் சிதறிக் கிடக்கும். அந்த மாதங்களில் போகிறவர் முள் தாங்கும் பட்டை வைத்த, 35 மி.மீ.க்குக் குறையாத டயர் போட வேண்டும். இரண்டு டியூப், ஒட்டுப்போடும் பொருள்கள், டயர் கிழிந்தால் உள்ளே வைக்க ஒரு துண்டு பழைய டயர் ஆகியவையும் வேண்டும். டியூபை மட்டும் மாற்றிவிட்டு டயருக்குள் முறிந்து நிற்கும் முள்ளை விட்டுவிடுகிறவர்களுக்குச் சிறிது தூரத்திலேயே இரண்டாவது பஞ்சர். டியூபில் ஓட்டை வால்விலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்த்து, டயரில் அதே இடத்தை உள்ளிருந்து விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள்.

சாமான் முழுவதையும் பின்னால் ஏற்றினால் ஏற்றத்தில் முன்சக்கரம் அலையும், பின்சக்கரக் கம்பிகள் அறுபடும். கனமானவை பைகளின் அடியில் இருக்கட்டும். உறக்கப்பையும் துணியும் ஹேண்டில்பாருக்குப் போகலாம். கேரியரைப் பிடித்திருக்கும் 5 மி.மீ. திருகுகளைத் தினமும் காலையில் இறுக்கிப் பாருங்கள், உபரியாக நான்கு வைத்திருங்கள்.

சாப்பாட்டில் ஞாயிறும் திங்களும்தான் ஆளை வீழ்த்தும். பெரிய கடைகள் ஞாயிறன்று ஆறு மணி நேரம்தான் திறக்கும். பல கிராமங்களில் கடையே கிடையாது. பப் திறந்திருந்தாலும் மதியம் இரண்டரைக்கு மேல் மாலை வரை சமையலறை மூடியிருப்பது சகஜம், திங்களன்று முழுவதும் அடைத்திருக்கும் பப்களும் உண்டு. சனிக்கிழமையே இரண்டு வேளைக்கு வாங்கி வையுங்கள். ஓடைத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், மேலே மாடு மேய்ந்திருக்கும். மழை என்று அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுவருவது உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

மே மாத இரவுகூட 5 டிகிரிக்குக் கீழே இறங்கும். உறக்கப்பையில் எழுதியிருக்கும் கடைசி எல்லை வெப்பநிலையை நம்பாமல், வசதியாகத் தூங்கும் வெப்பநிலை எது என்று பாருங்கள். குளிர் அடியிலிருந்துதான் ஏறும், ஆகவே பாயில் கஞ்சத்தனம் வேண்டாம். நியூ ஃபாரஸ்ட், எக்ஸ்மூர் போன்ற இடங்களில் உண்ணி அதிகம்; இரவு முழங்கால் மடிப்பையும் இடுப்பையும் பாருங்கள். ஒட்டியிருந்தால் எண்ணெய் தடவாமல், தோலை ஒட்டிப் பிடித்து நேராக மெல்ல இழுங்கள். பிறகு சில வாரங்களில் வட்டமாகச் சிவப்பு படர்ந்தால் உண்ணி பரப்பும் லைம் நோயாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தொலைதூர ரயில்களில் பலவற்றில் சைக்கிளுக்கும் முன்பதிவு தேவை. சில புதிய ரயில்களில் வண்டியைக் கொக்கியில் செங்குத்தாகத் தொங்கவிட வேண்டும். அகலமான டயரும் நீள மட்கார்டும் அதில் நுழையாமல் போகலாம். பைகளை நடைமேடையிலேயே கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

தனியாகப் போகிறவர் கிளம்பும் முன்பே செய்ய வேண்டியது ஒன்று: பிரிட்டிஷ் சிம் உள்ள போனிலிருந்து ரெஜிஸ்டர் (register) என்ற ஆங்கிலச் சொல்லை அவசர உதவி எண்ணான 999க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பி, வரும் பதிலில் சொன்னபடி பதிவு செய்துவிடுங்கள். பேச முடியாத அளவு சிக்னல் பலவீனமான பள்ளத்தாக்கிலும் ஒரு குறுஞ்செய்தி போய்ச் சேரக்கூடும். அதில் என்ன நடந்தது என்பதோடு, நீங்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் வரைபடக் கட்ட எண்ணையும் எழுத வேண்டும். அதைப் படிக்க வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள்.