சுவரிலிருந்து தொடங்குங்கள்: அமெரிக்க வால்வு ஆம்ப் வைத்திருப்பவர்கள் செட்டிநாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளை ஊருக்கு வரும்போது பெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப், மெசா பூகி, மேட்ச்லெஸ் என்று ஏதோ ஒரு கிதார் ஆம்ப், கண்ணாடிக் குழாய் வால்வுகளால் ஒலியைப் பெருக்குவது, காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் வந்து சேர்ந்துவிடுகிறது. விலை லட்சங்களில். கையால் ஒயரிங் செய்த மாடல் என்றால் இன்னும் கூடுதல். இப்படிப்பட்ட ஆம்ப் நம் ஊரில் கெட்டுப்போனால் எல்லோரும் முதலில் வால்வைத்தான் சந்தேகப்படுவார்கள். ஆனால் பழுதின் வேர் பெரும்பாலும் ஆம்புக்கு வெளியே, சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டிலேயே இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

ஆம்பின் பின்பக்கத் தகட்டைப் படிக்காமல் பிளக்கைச் செருகுவதுதான் பெரிய தவறு. அதில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் இருந்தால் அது அமெரிக்க உபயோகத்துக்குச் செய்தது. நம் வீட்டில் வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நேராகச் செருகினால் வால்வைச் சூடாக்கும், 6.3 வோல்ட் போக வேண்டிய ஹீட்டருக்கு 12 வோல்ட் போகும், 450 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 850க்கு மேல் ஏறும். பியூஸ் முந்திக்கொண்டால் தப்பித்தோம். ஒருமுறை பியூஸ் போனதும் அதைவிடப் பெரிய பியூஸைப் போட்டுப் பார்த்தால் பவர் டிரான்ஸ்பார்மர் கருகிவிடும்.

சில ஆம்புகளின் டிரான்ஸ்பார்மரில் 230 வோல்டுக்கும் தனி முனை இருக்கும். அப்படி இருந்தால் உள்ளே இணைப்பை மாற்றிவிடலாம், ஆனால் பியூஸையும் பாதி ஆம்பியருக்கு மாற்ற வேண்டும். 2 ஆம்பியர் இருந்த இடத்தில் 1 ஆம்பியர் மெதுபியூஸ், அதாவது டி என்று குறி போட்டது. அதே வெளித்தோற்றம் இருப்பதால் எல்லா மாடலிலும் அந்த முனை இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. ஏற்றுமதி மாடலுக்கு வேறு டிரான்ஸ்பார்மரே போடும் கம்பெனிகள் உண்டு.

மற்றவர்களுக்கு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர்தான் வழி. இதில் மூன்று இடங்களில் சறுக்குகிறார்கள். ஒன்று, அளவு. ஆம்ப் 22 வாட் என்றால் அது ஸ்பீக்கருக்குப் போகும் வாட். சுவரிலிருந்து இழுப்பது அதைப்போல் பல மடங்கு, அது பின்தகட்டில் தனியாக எழுதியிருக்கும். அங்கே 200 வாட் என்று இருந்தால் 500 விஏ (வோல்ட் ஆம்பியர்) டிரான்ஸ்பார்மருக்குக் குறைந்து வாங்காதீர்கள். மிக்சிக்கும் ஷேவருக்கும் விற்கும் கையடக்க கன்வெர்ட்டர் இதற்கு ஆகவே ஆகாது. இரண்டு, விகிதம். 220க்கு 110 என்று பாதியாக்கும் டிரான்ஸ்பார்மர் நமக்குச் சரியாக அமையும்: 230 வந்தால் 115, 240 வந்தால் 120. மூன்றாவது, வெளிவரும் சாக்கெட். கடையில் கிடைப்பவற்றில் பலவற்றுக்கு அமெரிக்க இரண்டு பின் சாக்கெட்தான் இருக்கும், எர்த் அங்கேயே அறுந்துவிடும். உள்ளே வரும் எர்த் ஒயர் வெளிச் சாக்கெட்டின் மூன்றாவது பின்னுக்குப் போகிறதா என்று மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

வோல்டேஜை அளக்கும்போது ஆம்ப் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சும்மா இருக்கும் டிரான்ஸ்பார்மர் சில வோல்ட் கூட்டித்தான் காட்டும். ஒரே நேரத்தில் அளந்துவிட்டு விடவும் கூடாது. மாலை விளக்கு வைக்கும் நேரம், இரவு 11 மணி, மோட்டார் ஓடும் காலை வேளை என்று மூன்று நேரமும் எடுத்துப் பாருங்கள். நம் பெரிய வீடுகளுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். மீட்டர் வாசலில் இருக்க, கடைசிக் கட்டு அறைவரை மெல்லிய பழைய ஒயர் நெடுந்தூரம் ஓடும். வாசலில் 228 காட்டும் மின்சாரம் உள்ளே வந்து ஏசியும் ஓடினால் வெகுவாக இறங்கிவிடும். ஆம்ப் வைக்கும் அறைக்கு மெயின் போர்டிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரைத் தனியாக இழுப்பது நல்ல முதலீடு.

எவ்வளவு ஏற்ற இறக்கம் தாங்கும்? ஹீட்டரைப் பாருங்கள், அதுவே பதில் சொல்லும். வால்வின் ஹீட்டர் முனைகளில் மாறுமின்னோட்டம் 6.0 முதல் 6.6 வோல்டுக்குள் இருந்தால் நல்லது. 10 சதவீதம் கூடினால் 6.9 ஆகிவிடும், கூடவே 450 வோல்ட் 495 ஆகும். அந்த ஹை வோல்டேஜைத் தேக்கிச் சீராக்கும், 500 வோல்ட் தாங்கும் பில்டர் கெபாசிட்டர் அப்போது விளிம்பில் நிற்கிறது. ஸ்டெபிலைசர் போடுவதானால் வரிசை இது: சுவர், ஸ்டெபிலைசர், ஸ்டெப் டவுன், பிறகு ஆம்ப்.

60 ஹெர்ட்ஸ் மட்டும் எழுதிய டிரான்ஸ்பார்மர் 50 ஹெர்ட்ஸில் ஓடும்போது இரும்புக் கருவில் காந்தப்பாய்ச்சல் 20 சதவீதம் கூடுகிறது, சூடும் கூடுகிறது. அதற்காக ஆம்பை ஒதுக்கி வைக்க வேண்டாம். 115 வோல்ட் பக்கம் வைத்துக்கொண்டு, அரை மணி நேரம் வாசித்தபின் பவர் டிரான்ஸ்பார்மரின் மூடியைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத அளவு கொதித்தால் தொடர்ந்து வாசிக்கக் கூடாது.

எர்த்: இங்கே அவசரம் வேண்டாம்

பழைய வீடுகளில் மரப்பட்டைமீது ஓடும் இரண்டு ஒயர் வயரிங் இன்னும் உண்டு. சுவரில் மூன்று ஓட்டை பிளக் பாயிண்ட் இருக்கும், எர்த் ஓட்டைக்குப் பின்னால் ஒன்றும் இருக்காது. கிதாரின் கம்பிகள் ஆம்பின் இரும்புச் சட்டத்தோடு இணைந்தவை. சட்டத்துக்கு எர்த் இல்லையென்றால் உங்கள் விரல்தான் எர்த். வெறுங்காலோடு ஆத்தங்குடிக் கல் தரையில் நின்று, உதட்டை மைக்கில் வைத்துப் பாடிக்கொண்டே வாசிப்பவருக்கு இது உயிர்ப் பிரச்சினை.

1960களின் பெண்டர் ஆம்ப் என்றால் இன்னும் கவனம் தேவை. அவற்றில் இரண்டு பின் ஒயரும், மின்கம்பியையும் சட்டத்தையும் இணைக்கும் 0.047 மைக்ரோ பாரட் கெபாசிட்டரும் உண்டு. நல்ல நிலையிலேயே அது மில்லி ஆம்பியர் கணக்கில் கசிய விடும், கிதார் கம்பியைத் தொட்டால் சுர்ரென்று இருப்பது அதனால்தான். அந்தக் கெபாசிட்டர் ஷார்ட் ஆனால் முழு மின்சாரமும் சட்டத்துக்கு வந்துவிடும். பழமையைக் காக்கிறோம் என்று அதை விட்டுவைக்காதீர்கள். கழற்றிவிட்டு, மூன்று ஒயர் கார்டு போட்டு, எர்த் ஒயரைச் சட்டத்தில் போல்ட் வைத்து முடுக்க வேண்டும். சேகரிப்பாளர்களும் இந்த மாற்றத்தைக் குறையாகப் பார்ப்பதில்லை.

எர்த் இருக்கிறதா என்று மல்டிமீட்டரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பேஸ் ஒயருக்கும் (மின்சாரம் வரும் ஒயர்) எர்த்துக்கும் இடையில் 230 காட்டினாலும் எர்த் ஒயர் வலுவில்லாமல் இருக்கலாம், மீட்டருக்குத் துளி மின்சாரமே போதும். எலக்ட்ரீசியனிடம் 100 வாட் பல்பை டெஸ்ட் லேம்பாகப் பேஸ் ஒயருக்கும் எர்த்துக்கும் இடையில் போடச் சொல்லுங்கள். ஆர்சிசிபி (மின்சாரம் எர்த்துக்குக் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால் உடனே விழ வேண்டும். இல்லையென்றால் பல்ப் முழு ஒளியில் எரிய வேண்டும். மங்கினால் எர்த் குழி காய்ந்திருக்கிறது என்று பொருள். நம் செம்மண் கத்திரி வெயிலில் கல்லாக இறுகிவிடும். கரியும் உப்பும் போட்டு இறக்கிய குழிக்குக் கோடையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றை அந்த அறைக்கு அவசியம் போடுங்கள்.

ஒருபோதும் செய்யக் கூடாதவை இரண்டு. எர்த் இல்லாத பாயிண்டில் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைப்பது முதலாவது: எங்காவது நியூட்ரல் அறுந்தால் அந்த நொடியே கிதார் கம்பியில் 230 வோல்ட். இரைச்சலைக் குறைக்க எர்த் பின்னை வெட்டுவது அடுத்தது. ஆம்ப், பெடல், மிக்சர் எல்லாவற்றையும் ஒரே பலகையிலிருந்து எடுத்தாலே அந்த இரைச்சலில் பெரும்பகுதி அடங்கும்.

இன்வெர்ட்டரும் கல்யாண வீட்டு ஜெனரேட்டரும்

சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் தருவது சதுர அலை. 230 வோல்ட் சைன் அலையின் உச்சம் 325 வோல்ட், சதுர அலையின் உச்சமோ கிட்டத்தட்ட 230தான். ஹீட்டர் சராசரி வலுவைப் பார்க்கும், அதனால் பிரகாசமாக எரியும். ஹை வோல்டேஜ் உச்சத்தைப் பார்க்கும், அதனால் இறங்கிவிடும். ஆம்ப் உயிரில்லாமல், உறுமலோடு ஒலிக்கும், டிரான்ஸ்பார்மரும் சூடாகும். சைன் அலை இன்வெர்ட்டர் இல்லையென்றால் கரண்ட் போனதும் ஆம்பை அணைத்துப் பிளக்கை உருவிவிடுங்கள். கரண்ட் திரும்பி ஐந்து நிமிடம் கழித்துப் போடலாம்.

வளவில் நடக்கும் கல்யாணக் கச்சேரியில் வாடகை ஜெனரேட்டர்மீது சீரியல் விளக்கு, கிரைண்டர், ஆம்ப் எல்லாம் ஒரே பேசில் தொங்கும். மூன்று பேசில் ஒன்றை மேடைக்கென்றே ஒதுக்கச் சொல்லுங்கள். செருகும் முன் மீட்டரில் 220 முதல் 240க்குள் நிலையாக நிற்கிறதா என்று ஒரு நிமிடம் பாருங்கள். ஜெனரேட்டரின் நியூட்ரல் இணைப்பு தளர்ந்தால் ஒரு பேசில் 300க்கு மேலும் ஏறும்.

ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டுவது

டிரான்சிஸ்டர் ஆம்ப் பழகியவர்கள் செய்யும் தவறு இது. வால்வு ஆம்பில் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் வோல்டேஜ் எகிறி, சாக்கெட்டில் பொறி பறக்கும், சுருளின் காப்பு எரியும். பெண்டரில் மெயின் ஜாக் காலியாக இருந்தால் தானே ஷார்ட் ஆகும்படி செய்திருக்கிறார்கள். அதனால்தான் எக்ஸ்டென்ஷன் ஜாக்கில் மட்டும் செருகினால் சத்தம் வருவதில்லை. எல்லாக் கம்பெனியும் இப்படிச் செய்வதில்லை.

ஆம்ப் கேட்கும் ஸ்பீக்கர் ஓம் கணக்கும் முக்கியம். டீலக்ஸ் ரிவெர்ப் 8 ஓம், டுவின் ரிவெர்ப் 4, சூப்பர் ரிவெர்ப் 2. ஸ்பீக்கருக்கு கிதார் கேபிளைப் போடாதீர்கள், அதன் உள்கம்பி மிக மெலிது. ஹார்டுவேர் கடையில் 1.5 சதுர மில்லிமீட்டர் இரட்டை ஒயர் ஒரு மீட்டர் வாங்கி இரண்டு பக்கமும் ஜாக் பற்றவைத்தால் போதும்.

வால்வு மாற்றும்போது

நீல ஒளி தெரிகிறது என்று நல்ல வால்வைத் தூக்கிப் போடுகிறார்கள். கண்ணாடியின் உட்புறத்தில் படரும் நீலம் இயல்பானது. பயப்பட வேண்டியது சிவப்புக்கு: நடுவிலுள்ள சாம்பல் நிறப் பிளேட்டே பழுத்துச் சிவந்தால் அந்த நொடியில் அணையுங்கள். பயஸ், அதாவது வால்வில் ஓடும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் வோல்டேஜ், போய்விட்டது, அல்லது முந்தைய கட்டத்தையும் பவர் வால்வையும் இணைக்கும் கப்ளிங் கெபாசிட்டர் கசிகிறது. புது வால்வைப் போட்டால் அதுவும் போகும்.

பவர் வால்வை ஜோடி பொருத்தி வாங்கி, பயஸ் வைத்துத்தான் வாசிக்க வேண்டும். கணக்கு எளிது. 6எல்6ஜிசி என்ற பவர் வால்வு 30 வாட் தாங்கும், அதில் 60 சதவீதம் 18 வாட். பிளேட்டில் 450 வோல்ட் என்றால் 18ஐ 450ஆல் வகுக்க 40 மில்லி ஆம்பியர். டீலக்ஸ் ரிவெர்பின் 6வி6க்கு 12 வாட், பிளேட்டில் 415 வோல்ட் அளவு. 70 சதவீதம் வைத்தாலும் சுமார் 20 மில்லி ஆம்பியர்தான். நம் மின்சாரம் இரவில் ஏறும் என்பதால் 60 சதவீதத்தின் பக்கம் நிற்பதே உத்தமம். மெசா பூகியில் திருப்ப பயஸ் திருகே கிடையாது, அவர்கள் நிறக்குறி போட்டுத் தரம் பிரித்த வால்வுகளையே வாங்க வேண்டும். மேட்ச்லெஸ் டிசி 30 கேத்தோடு பயஸ், அதாவது வால்வு தன் பயஸைத் தானே வைத்துக்கொள்ளும், அங்கே திருக எதுவும் இல்லை.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் வால்வு ரேடியோ பார்த்ததும் அதிலிருந்து ஆம்புக்கு வால்வு எடுக்கலாமே என்று தோன்றும். ரேடியோ வால்வுகளில் பெரும்பாலானவை வேறு வேலைக்கானவை. இஎல்84 ஒன்று கிடைக்கலாம், ஆனால் அது ரேடியோவில் 250 வோல்டில் ஓடியது, தனியாள். நான்கு இஎல்84 ஒத்துப்போக வேண்டிய ஆம்பில் அதைச் சேர்ப்பது வீண். இசிசி83 என்று எழுதியது நல்ல நிலையில் கிடைத்தால் மட்டும் யோசிக்காமல் எடுங்கள். 12ஏஎக்ஸ்7 என்பதும் அதுதான்.

பூட்டிக் கிடந்த வீட்டு ஆம்ப்

குடும்பம் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கும் வீடுகள் இங்கே ஏராளம். மூன்று வருடம் சும்மா கிடந்த ஆம்பை வந்த அன்றே போட்டு உச்சத்தில் வாசிப்பது கெபாசிட்டரை வெடிக்க வைக்கும் வழி. முதலில் பின்தட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். பல்லி முட்டை, எறும்புப் புற்று, எலி கடித்த ஒயர் எல்லாம் இருக்கும். பிறகு பவர் வால்வுகளை உருவிவிட்டு, ஸ்டெப் டவுனுக்கு முன்னால் பேஸ் ஒயரில் 100 வாட் குண்டு பல்பைத் தொடராகப் போட்டு ஆம்பை இயக்குங்கள். பல்ப் பளிச்சென்று எரிந்து மங்கினால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். பளிச்சென்றே நின்றால் உள்ளே ஷார்ட். மங்கினாலும், 20 வயது தாண்டிய பில்டர் கெபாசிட்டர்களை மாற்றிவிடுவதே சரி. 10 டிகிரி சூடு கூடினால் அவற்றின் ஆயுள் பாதியாகும், நம் கோடையில் அது சும்மா இருந்தும் மூப்படைகிறது. மூடி வைக்கப் பிளாஸ்டிக் உறை வேண்டாம், பழைய பருத்தி வேட்டி போதும்.

ஆத்தங்குடிக் கல்லும் சுண்ணாம்புப் பூச்சும் ஒலியை அப்படியே திருப்பியடிக்கும். 85 வாட் டுவினின் வால்யூமை ஒன்றில் வைத்து வாசிப்பவர்கள் பிறகு சிறியது வாங்கினால் அடங்கும் என்று 22 வாட்டுக்குப் போகிறார்கள். வித்தியாசம் 6 டெசிபல்தான், காதுக்குப் பாதிகூடக் குறையாது. அதைவிட ஆம்பைப் பெஞ்சில் ஏற்றி, முன்னால் கோரைப் பாயும் ஜமுக்காளமும் விரித்துப் பாருங்கள். பின்பக்கம் சுவருக்கும் ஆம்புக்கும் ஒரு முழம் இடைவெளி இருக்கட்டும்.

கச்சேரிக்கு மதுரையோ திருச்சியோ கொண்டுபோகும்போது கவனிக்க வேண்டியது, ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருக்கும் காம்போவில் வால்வுகள் தலைகீழாகத் தொங்குகின்றன என்பதுதான். இறங்கியதும் போடுவதற்கு முன், பிளக்கைச் செருகாமல், ஒவ்வொரு வால்வும் சாக்கெட்டில் முழுக்கப் பதிந்திருக்கிறதா என்று மெல்ல அழுத்திப் பாருங்கள். சட்டத்துக்குள் மட்டும் கை விடாதீர்கள். பிளக்கை உருவிய பிறகும் பில்டர் கெபாசிட்டரில் 400 வோல்ட் நிற்கலாம். மெக்கானிக் ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டரை இரண்டு முனைக்கும் பத்து விநாடி வைத்து, மீட்டரில் 10 வோல்டுக்குக் கீழே வந்ததைப் பார்த்தபின்தான் ஸ்க்ரூடிரைவரை எடுப்பார்.