பள்ளியைப் பார்த்துவிட்டு வீட்டைத் தேடுங்கள்: தஞ்சை, கும்பகோணம் புறநகரில் குடியேற ஒரு செய்முறை

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் குடியேற நினைப்பவர்கள் முதலில் போய் நிற்பது வீட்டுப் புரோக்கரிடம். அட்வான்ஸ் கொடுத்துப் பால் காய்ச்சிய பிறகுதான் பள்ளி எங்கே என்று விசாரிக்கிறார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். வீடு ஒத்துவரவில்லை என்றால் பதினோரு மாதத்தில் காலி செய்துவிடலாம். நடு வருஷத்தில் பள்ளி மாற்றினால் பிள்ளை பாடத்தையும் தோழர்களையும் ஒருசேர இழக்கும்.

படி 1: கடைசி வகுப்பிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

தொடக்கப் பள்ளி 5ஆம் வகுப்போடும், நடுநிலை 8ஆம் வகுப்போடும், உயர்நிலை 10ஆம் வகுப்போடும் முடிந்துவிடும். பிள்ளை இப்போது இரண்டாம் வகுப்பு என்றாலும் 12 வரை உள்ள மேல்நிலைப் பள்ளி எது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே 11ஆம் வகுப்பில் என்னென்ன குரூப் இருக்கிறது, ஒவ்வொரு பாடத்துக்கும் முதுகலை ஆசிரியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். அண்மையில் தரம் உயர்த்தப்பட்ட பள்ளிகளில் பலகையில் ‘மேல்நிலை’ என்று எழுதியிருக்கும், இயற்பியலுக்கு ஆள் இருக்காது.

அரசுப் பள்ளியும் அரசு உதவிபெறும் பள்ளியும் ஒன்றல்ல. மருத்துவம், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டுமே. மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளும் அதில் சேரும். உதவிபெறும் பள்ளி சேராது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதால், 7ஆம் வகுப்பில் எடுக்கும் முடிவுகூட இதைப் பாதிக்கும். கல்லூரி போனபின் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் உதவிபெறும் பள்ளியின் தமிழ் வழிப் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு. கும்பகோணத்தில் நல்ல பழைய உதவிபெறும் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றை ஒதுக்கச் சொல்லவில்லை, வித்தியாசம் தெரிந்து சேருங்கள்.

படி 2: பள்ளிக்குள் போய்ப் பாருங்கள்

போவதற்கு முன் யூடைஸ் (நாடு முழுதும் உள்ள பள்ளிகளின் அரசுத் தகவல் தொகுப்பு) தளத்தில் பள்ளியின் பெயரைத் தேடினால் மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை, கழிப்பறை விவரம் கிடைக்கும். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 120 வரை 4. ஈராசிரியர் பள்ளி என்றால் ஒருவர் பயிற்சிக்குப் போகும் நாளில் ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில் விழும். முடிந்தவரை மூன்று ஆசிரியராவது உள்ள பள்ளியைத் தேடுங்கள்.

வேலை நாளில், காலை பத்தரை மணிக்குப் போங்கள். தலைமையாசிரியர் அறையிலோ வகுப்புக் கரும்பலகையின் ஓரத்திலோ ‘பதிவு’, ‘வருகை’ என்று இரண்டு எண்கள் சாக்பீஸால் எழுதியிருக்கும். பதிவு 32, வருகை 30 என்றிருந்தால் நல்லது. பதிவு 32, வருகை 19 என்றால் காரணம் கேளுங்கள். நடவோ அறுவடையோ நடக்கும் வாரமா, கோயில் திருவிழாவா, தினமும் இதேதானா என்பது முக்கியம். தேதி மாற்றாமல் பழைய எண் அப்படியே நிற்கிறது என்றால் அதுவும் ஒரு பதில்தான். பிறகு பெண் பிள்ளைகள் கழிப்பறைக் குழாயைத் திறந்து பாருங்கள். கட்டடம் இருந்து தண்ணீர் வராத பள்ளிகள் உண்டு.

பத்தாம் வகுப்பில் ‘நூறு சதவீதம்’ என்று பேனர் கட்டியிருந்தால், தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். 14 பேர் எழுதிய நூறும் 140 பேர் எழுதிய தொண்ணூற்றைந்தும் ஒப்பிடக்கூடியவை அல்ல. பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர் ஒருவரிடம் பத்து நிமிடம் பேசினால் பேனரில் இல்லாதது தெரியும். ஆசிரியர்களுக்கு இடமாற்றம் தரும் பொது மாறுதல் கலந்தாய்வில் நல்ல ஆசிரியர்கள் வேறு ஊருக்குப் போயிருக்கலாம். ஆகவே கலந்தாய்வு முடிந்தபின் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

படி 3: வட்டம் போடுங்கள்

1 முதல் 5 வரை படிக்கும் பிள்ளைக்கு 1 கி.மீ., 6 முதல் 8 வரை 3 கி.மீ. என்பது கல்வி உரிமை விதிகள் சொல்லும் தூரம். அதையே உங்கள் வட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கப் பள்ளியில் காலை உணவுக்குச் சீக்கிரமே போக வேண்டும் என்பதால் நடை தூரம் மிகவும் உதவும். பெரிய பிள்ளைக்கு டவுன் பஸ் போதும், பாஸ் இலவசம். ஆனால் அந்த ஸ்டாப்பில் காலை 7:45 முதல் 8:45 வரை ஒருநாள் நின்று பாருங்கள். கல்லூரிக் கூட்டத்தோடு வரும் பஸ் நிற்காமலே போகிறதா என்பது அங்கே நின்றால்தான் தெரியும்.

தூரத்தில் வாடகை மலிவு என்று போனால் கணக்குப் பாருங்கள். 6 கி.மீ. தள்ளி வீடு, தினமும் கொண்டுபோய் விட்டுத் திரும்பக் கூட்டிவந்தால் நான்கு நடை, 24 கி.மீ. மாதம் 22 நாளுக்கு 528 கி.மீ. லிட்டருக்கு 45 கி.மீ. ஓடும் வண்டி என்றால் 12 லிட்டர், ஏறக்குறைய 1,200 ரூபாய். வாடகை அதைவிடக் குறைந்தால்தான் லாபம்.

படி 4: தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது?

டெல்டாவில் மலிவான ‘நகர்’ பல, முன்பு வயல். வயலுக்குப் பாசன வாய்க்கால் ஒன்று, வடிவாய்க்கால் ஒன்று. மனை போடுகிறவர்கள் பாசனம் இனி வேண்டாம் என்று தூர்க்கும்போது வடிகாலும் சேர்ந்து மூடிப்போகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் வர வழி இருக்கும், போக வழி இருக்காது. நிலத்தடி நீர் மேலே ஏறிவிட்டால் செப்டிக் டேங்க் தண்ணீரை மண் உறிஞ்சாது, கழிப்பறையில் ஊற்றியது இறங்காமல் நிற்கும்.

கோடையில் வீடு பார்க்கப் போனாலும் தடயம் கிடைக்கும். சுவரின் கீழ்ப்பகுதியில் உப்புப் பூத்துக் காரை பெயர்ந்திருக்கிறதா, அல்லது கீழே மூன்றடிக்கு மட்டும் புதுப் பெயிண்டா என்று பாருங்கள். வாசற்படிகளை எண்ணுங்கள். சாலை உயர்ந்து உயர்ந்து ஒரே படி மிஞ்சியிருந்தால் தெருத் தண்ணீர் உள்ளே வரும். பக்கத்து வீட்டில் ‘இங்கே தண்ணீர் நிற்குமா’ என்று கேட்காதீர்கள், ‘போன கார்த்திகையில் பால்காரர் எதுவரை வண்டியில் வந்தார்’ என்று கேளுங்கள்.

தஞ்சாவூரில் வல்லம் பக்கம் செம்மண் மேடு, தண்ணீர் நிற்பது குறைவு. வெண்ணாறு, வெட்டாறு ஓடும் பள்ளியக்ரகாரப் பக்கமும், காவிரிக்கும் அரசலாற்றுக்கும் இடைப்பட்ட கும்பகோணமும் வண்டல் பூமி. அங்கே தெருவுக்குத் தெரு மேடு பள்ளம் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

படி 5: வாங்குவதானால்

ஒரு மழைக்காலம் வாடகைக்கு இருந்துவிட்டு வாங்குவதே நல்லது. அ-பதிவேட்டையும் (கிராமத்தின் நில விவரப் பதிவேடு) புலப்படத்தையும் (மனையின் அளவை வரைபடம்) எடுத்து, பக்கத்தில் வாய்க்கால் புறம்போக்கு ஓடுகிறதா என்று பாருங்கள். இந்தப் பகுதியில் கோயில், மட நிலங்கள் அதிகம். ‘அடிமனை’ என்ற சொல் பேச்சில் வந்தால் வீடு மட்டுமே விற்பனைக்கு, நிலம் கோயிலுடையது என்று பொருள். மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு அனுமதி எண் கேளுங்கள். 30 வருட வில்லங்கம் பாருங்கள். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதத்தைத் தனியே எடுத்து வையுங்கள்.

படி 6: சேர்க்கை

மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போதே, பழைய பள்ளி பிள்ளையின் எமிஸ் எண்ணை (பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவில் ஒவ்வொரு மாணவருக்கும் உள்ள எண்) பொதுத் தொகுப்புக்கு அனுப்பிவிட்டதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். அனுப்பாவிட்டால் புதுப் பள்ளி பதிவில் ஏற்ற முடியாமல் சேர்க்கை இழுத்துக்கொண்டே போகும். 8ஆம் வகுப்பு வரை மாற்றுச் சான்றிதழ் தாமதமானால் அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. ஆதார் நகல், பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், புகைப்படம் இவற்றோடு ஜூன் முதல் வாரத்துக்கு முன்பே போய்விடுங்கள். ஆங்கில வழிப் பிரிவு கேட்பவர்கள் இன்னும் முன்பே போவது நல்லது.