கெர்னல் லிஸ்டில் நடப்பதற்கு முன்: 'சேஃப்' என்ற பெயரை நம்பாதீர்கள்

லினக்ஸ் கெர்னலுக்கு முதன்முதலாக மாட்யூல் எழுதியபோது, ஒரு லிஸ்டில் (ஒவ்வொரு நோடும் அடுத்ததையும் முந்தையதையும் பாயின்டரால், அதாவது மெமரி முகவரியால், காட்டும் சங்கிலி) இருக்கும் பழைய நோடுகளைக் களைய, அவற்றில் ஒவ்வொன்றாக நடந்துபோகும் `லிஸ்ட்_ஃபார்_ஈச்_என்ட்ரி_சேஃப்` லூப்பைப் போட்டேன். பெயரிலேயே 'சேஃப்' இருக்கிறதே, அப்புறம் லாக் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் தொடவிடும் பூட்டு) எதற்கு? ஒரே கோர் கொடுத்த விர்ச்சுவல் மெஷினில் நாள் முழுக்க ஓடியது. நான்கு கோர் கொடுத்ததும் பத்து நிமிஷம் தாங்கவில்லை.

கிராஷ் செய்தியில் இருந்த முகவரி டி-இ-ஏ-டி என்று தொடங்கி 100 என்று முடிந்தது. பார்க்கக் குப்பை மாதிரி இருந்தாலும் அது வேண்டுமென்றே வைத்த எண். `லிஸ்ட்_டெல்` ஒரு நோடைக் கழற்றியதும் அதன் நெக்ஸ்ட் பாயின்டரில் 100 என்றும், ப்ரெவ் பாயின்டரில் 122 என்றும் முடிகிற விஷ மதிப்பை (தொட்டால் கிராஷ் ஆகும் எண்) வைத்துவிடும். யாரோ கழற்றிப்போட்ட நோடில் நான் கால் வைத்திருக்கிறேன்.

படி 1: நோடைக் கழற்றுவது யார்?

'சேஃப்' வகை லூப், அடுத்த நோடின் முகவரியை முன்கூட்டியே குறித்துக்கொள்ளும். அதனால் இப்போது கையில் இருக்கும் நோடை நீங்களே கழற்றலாம். அவ்வளவுதான் அதன் பாதுகாப்பு. குறித்து வைத்த அந்த அடுத்த நோடையே இன்னொரு சிபியு கழற்றினால் அதற்கு ஒன்றும் தெரியாது.

படி 2: லாக் போடுங்கள்

படிப்பவர், சேர்ப்பவர், கழற்றுபவர் எல்லோரும் ஒரே லாக்கைப் பிடிக்க வேண்டும். இன்டரப்ட் ஹேண்ட்லரும் (ஹார்டுவேர் கூப்பிட்டதும் நடுவில் புகுந்து ஓடும் கோடு) அந்த லிஸ்டைத் தொடுமென்றால் `ஸ்பின்_லாக்_ஐஆர்க்யூசேவ்`. லூப்புக்குள் தூங்க நேருமென்றால் ஸ்பின்லாக் (தூங்காமல் சுற்றிச் சுற்றிக் காத்திருக்கும் லாக்) கூடாது, மியூடெக்ஸ்தான் (தூங்கிக் காத்திருக்கும் லாக்).

படி 3: நடுவழியில் லாக்கை விடாதீர்கள்

ஒவ்வொரு நோடுக்கும் நேரம் பிடிக்கிற வேலை இருந்தால், லாக்கை விட்டு, வேலையை முடித்து, திரும்பப் பிடிக்கத் தோன்றும். விட்ட அந்த இடைவெளியில் குறித்து வைத்த முகவரி செல்லாக்காசாகிவிடலாம். இதற்கு நான் எப்போதும் செய்வது, வேண்டிய நோடுகளைத் தனி லிஸ்டுக்கு நகர்த்திவிடுவது:

```
லிஸ்ட்_ஹெட்(தனி);

ஸ்பின்_லாக்(&பூட்டு);
லிஸ்ட்_ஃபார்_ஈச்_என்ட்ரி_சேஃப்(இது, அடுத்தது, &தலை, கொக்கி)
    இஃப் (இது->பழசு)
        லிஸ்ட்_மூவ்(&இது->கொக்கி, &தனி);
ஸ்பின்_அன்லாக்(&பூட்டு);
```

இனி 'தனி' உங்களுடையது மட்டுமே. லாக் இல்லாமல் நிதானமாக நடந்து ஒவ்வொன்றாக `கேஃப்ரீ` செய்து மெமரியை விடுவிக்கலாம். ஒரே நிபந்தனை: அந்த நோடுகளின் பாயின்டரை வேறு யாரும் கையில் வைத்திருக்கக் கூடாது.

படி 4: படிப்பவர் கூட்டம் அதிகமென்றால் ஆர்சியு

கெர்னலின் ப்ராசஸ் லிஸ்டை எடுத்துக்கொள்ளுங்கள். `ஃபார்_ஈச்_ப்ராசஸ்` போட்டு அதில் நடக்க `ஆர்சியு_ரீட்_லாக்` போதும். 2002 முதல் லினக்ஸில் இருக்கிற இந்த ஆர்சியு (ரீட்-காப்பி-அப்டேட்), படிப்பவர்களை நிறுத்தாத முறை. அதன் ரீட் லாக், பெயரில் 'லாக்' இருந்தாலும் யாரையும் தடுக்காது (கெர்னல்காரர்களுக்குப் பெயர் வைக்கும் ராசி அப்படி). நீங்கள் நடக்கும்போதே நோடு கழன்றுபோகலாம். ஆனால் நீங்கள் வெளியேறும்வரை அதன் மெமரி விடுவிக்கப்படாது. `லிஸ்ட்_டெல்_ஆர்சியு` நெக்ஸ்டில் விஷம் வைக்காது என்பதால், கழன்ற நோடிலிருந்தும் மேலே நடந்து போய்விடலாம்.

எழுதுபவர்கள் தங்களுக்குள் லாக் போட்டே ஆகவேண்டும். விடுவிக்க வெறும் `கேஃப்ரீ` கூடாது, படிப்பவர்கள் வெளியேறும்வரை காத்திருக்கும் `கேஃப்ரீ_ஆர்சியு`. ரீட் லாக்குக்குள் தூங்கவும் கூடாது.

படி 3-இன் வித்தையை இங்கே கொண்டுவந்தால் மாட்டிக்கொள்வீர்கள். நடந்துகொண்டிருப்பவர் நிற்கும் நோடைத் தனி லிஸ்டுக்கு நகர்த்தினால், அவரும் அதனோடு அங்கே போய்விடுவார். இந்த லிஸ்ட் வட்டமானது. பழைய தலையைத் தேடி அவர் சுற்றிக்கொண்டே இருப்பார்.

கண்டுபிடித்த நோடை ரீட் லாக்குக்கு வெளியே கொண்டுபோக வேண்டுமா? உள்ளே இருக்கும்போதே `ரெஃப்கவுன்ட்_இன்க்_நாட்_ஸீரோ` செய்து, அதை வைத்திருப்பவர்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். எண்ணிக்கை ஏற்கெனவே பூஜ்யமாகி அது தோற்றால், அந்த நோடு செத்துக்கொண்டிருக்கிறது, விட்டுவிடுங்கள்.

படி 5: சோதனை

டீபக் லிஸ்ட், ப்ரூவ் லாக்கிங், ப்ரூவ் ஆர்சியு லிஸ்ட், கேசான் (மெமரித் தவறுகளைப் பிடிக்கும் கருவி) ஆகிய கான்ஃபிக்குகளைப் போட்டு கெர்னலைக் கட்டுங்கள். விர்ச்சுவல் மெஷினுக்கு நான்கு கோராவது கொடுங்கள். லாக்டெப் (ப்ரூவ் லாக்கிங் போட்டதும் லாக்குகளைச் சரிபார்க்கும் கருவி) ஒருமுறை எச்சரித்துவிட்டுத் தானே அணைந்துவிடும். அதனால் அடுத்த ஓட்டம் சத்தமில்லாமல் போனால், இடையில் ரீபூட் செய்தீர்களா என்று பாருங்கள்.