முகமூடியை மட்டும் இரவல் வாங்காதீர்கள்: பழைய ஸ்லாஷர் படத்தை வன்னியில் திரும்ப எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குறும்படம் எடுக்கிற பிள்ளைகள் கொண்டுவரும் கதைகளில் ஒரு வகை அடிக்கடி வரும். முகமூடி போட்ட ஒருவன், கையில் கத்தி, தனித்த வீடு, இரவு, ஒருவர் பின் ஒருவராகச் சாகிற நண்பர்கள். 1970களிலும் 80களிலும் அமெரிக்காவில் உருவான ஸ்லாஷர் படங்களின் அச்சு அது. “அதையே எங்கட ஊரில, இந்தக் காலத்துப் பெடியளுக்கு எடுக்கப் போறம்” என்பார்கள். நல்ல ஆசைதான். கையில் காசு இல்லாதவர்களுக்கு ஏற்ற வகையும்கூட. ஜோன் கார்ப்பென்டர் 1978இல் ‘ஹலோவீன்’ எடுத்தபோது அவரிடம் இருந்தது ஏறத்தாழ 3 லட்சம் டொலர். ஹொலிவூட் கணக்கில் அது சில்லறை. கொலைகாரனுக்குக் கடையில் இரண்டு டொலருக்கும் குறைவாக ஒரு முகமூடி வாங்கினார்கள். ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில் கப்டனாக வந்த நடிகரின் முக அச்சு அது. வெள்ளைப் பூச்சு அடித்து, கண் துவாரத்தைப் பெரிதாக்கி மாட்டிவிட்டார்கள்.

சிக்கல் எங்கே என்றால், திரும்ப எடுக்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் அந்த முகமூடியைத்தான் தூக்குகிறார்கள். கோடிக்கணக்கில் கொட்டுகிற கம்பனிகளும் அதே பிழையைத்தான் விட்டிருக்கின்றன. அந்தப் படத்தில் இருந்த பயம் யாருடையது, எதிலிருந்து வந்தது என்று கேட்பதில்லை.

பயத்தின் ஊற்றைத் தேடாமல் தொடங்குவது

1970களின் கடைசியிலும் 80களின் தொடக்கத்திலும், லாவோஸ் போரில் இருந்து தப்பி அமெரிக்காவில் அகதியாகக் குடியேறிய ஹ்மொங் மக்களில் பலர், பெரும்பாலும் நல்ல உடல்நிலையில் இருந்த இளம் ஆண்கள், நித்திரையிலேயே இறந்துபோனார்கள். வைத்தியர்களால் தெளிவான காரணம் சொல்ல முடியவில்லை. அந்தப் பத்திரிகைச் செய்திகளை வாசித்ததில் இருந்துதான் வெஸ் கிறேவனுக்கு, கனவுக்குள் வந்து கொல்லுகிறவனைப் பற்றிய 1984ஆம் ஆண்டுப் படம், ‘எ நைட்மெயர் ஒன் எல்ம் ஸ்ட்ரீற்’, பிறந்தது. போரைத் தாண்டி, கடல் தாண்டி, இனிப் பயமில்லை என்று கதவைப் பூட்டிப் படுத்த பிறகு நித்திரையில் சாவது. இதை வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

2010இல் அதைத் திரும்ப எடுத்தவர்கள் கொலைகாரனின் தொப்பியை எடுத்துக்கொண்டார்கள், கோடு போட்ட சுவெற்றரை எடுத்துக்கொண்டார்கள், விரல்களில் கத்தி பூட்டிய கையுறையையும் விடவில்லை. எரிந்த முகத்தை முந்தியதை விட உண்மையாகச் செய்தார்கள். காசும் வந்தது. ஆனால் அடுத்த பாகம் வரவேயில்லை. நித்திரைக்குப் பயப்படுகிறவர்கள் யார் என்பது அந்தப் படத்தில் எங்கேயும் இல்லை.

இன்னும் பச்சையான உதாரணம் ‘சைக்கோ’. ஹிட்ச்கொக்கின் 1960 படத்தை 1998இல் கஸ் வான் சான்ற் ஏறக்குறைய ஷொட்டுக்கு ஷொட் அப்படியே, வண்ணத்தில் எடுத்தார். கதையில் திருட்டுப் போகும் பணம் மட்டும் 40,000 டொலரில் இருந்து 400,000 டொலர் ஆனது. விலைவாசி ஏறியிருந்தது, பயம் ஏறவில்லை.

தெரிந்த கதையைத் திரும்பச் சொல்வதில் பிழை இல்லை. முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்துப் பார்க்கப் போகிற எவருக்கும் கோவலன் வெட்டுப்படுவான் என்று தெரியும். தெரிந்துகொண்டே விடியவிடிய இருக்கிறார்கள். கூத்தைப் பழக்கி ஆட்டுவிக்கிற அண்ணாவியார் முடிவை மாற்றுவதில்லை. சிலம்போடு புறப்படுகிறவனைத் தடுக்க முடியாத தவிப்பை, இப்போது முன்னால் இருக்கிற சனத்துக்கு எந்தப் பாட்டில், யாருடைய குரலில் ஏற்றலாம் என்றுதான் பார்க்கிறார். மீளுருவாக்கம் செய்கிறவருக்கும் வேலை அதுதான்.

அப்படியென்றால் இங்கே இரவில் எதற்குப் பயந்திருக்கிறோம்? 2011 ஓகஸ்டை நினைத்துப் பாருங்கள். உடம்பு முழுக்கக் கிறீஸ் பூசிய மர்ம மனிதன் வீட்டு வளவுக்குள் வந்து பெண்களைத் தாக்குகிறான் என்ற பயம் நாட்டின் பல பக்கமும் பரவியது. கிறீஸ் பூதம் என்றார்கள். வடக்கு கிழக்கில் அந்தப் பயத்தோடு இன்னொன்றும் ஒட்டியிருந்தது. துரத்திக்கொண்டு போனால் அவன் படைமுகாம் பக்கம் போய் மறைகிறான் என்று பல ஊர்களில் சொன்னார்கள். அப்படியானால் யாரிடம் போய் முறையிடுவது? யாரும் எழுதிக் கொடுக்காமலே ஊருக்குள் ஓடிய ஸ்லாஷர் கதை அது. இதை விட்டுவிட்டு, ஹலோவீன் இரவுக்குப் பூசணிக்காய்க்குள் மெழுகுதிரி வைத்த அமெரிக்க வீட்டை முறிகண்டியில் போய்த் தேடுகிறார்கள்.

முகமூடி விஷயமும் அப்படித்தான். முகத்தை மூடிய மனிதன் என்றால் இங்கே ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது தலையாட்டி. சுற்றிவளைப்பில், படையினருக்கு ஆள் காட்டிக் கொடுக்கச் சாக்கால் முகம் மூடி இருந்தவன். அவனுக்குக் கத்தி தேவைப்படவில்லை, தலையை ஒருக்கால் அசைத்தால் போதும். இளையவர்களுக்கு நினைவுக்கு வருவது மோட்டார் சைக்கிளில் முகம் மூடி வந்து வாளால் வெட்டுகிற கும்பல்களின் செய்தி. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வெள்ளை ரப்பர் முகமூடியைக் கொண்டுவந்து வைத்தால், அது பிறந்தநாள் விழாச் சாமான் போலத்தான் தெரியும்.

கொலைகாரனுக்குக் காரணம் சொல்லித் தீர்ப்பது

1978 ‘ஹலோவீன்’ படத்தின் எழுத்தோட்டத்தில் முகமூடிக்காரனுக்குப் போட்ட பெயர் ‘உருவம்’ என்பதுதான். அவன் ஏன் கொல்கிறான் என்று படம் சொல்லாது. 1981இல் வந்த இரண்டாம் பாகம் கதாநாயகியை அவனுடைய தங்கை ஆக்கியது. 2007இல் ரொப் சொம்பி அவனுக்கு ஒரு மோசமான பிள்ளைப் பருவத்தை விலாவாரியாகக் கட்டினார். அடிக்கிற வீடு, கேலி செய்கிற பள்ளிக்கூடம். பார்த்தவர்களில் பலருக்கு அவன் மேல் இரக்கம் வந்தது, பயம் போய்விட்டது. 2018இல் டேவிட் கோர்டன் கிறீன் எடுத்த படம் இந்த இடைச்செருகல் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு முதல் படத்துக்கு நேராகத் தொடர்ச்சி போட்டது. தங்கைக் கதையை வெறும் வதந்தி என்று ஒரு வசனத்தில் தட்டிக் கழித்தது. நன்றாக ஓடியது.

இதே பிழை வன்னியில் வேறு உருவம் எடுக்கிறது. கொலைகாரனுக்குக் காரணம் வேண்டும் என்றவுடன் கை போகிற இடம் ஒன்றுதான்: “அவன் சண்டையில இருந்தவன், மூளை குழம்பிட்டுது.” இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். ஒரு காலை இழந்தும், தடுப்பில் இருந்து வந்தும், வேலை இல்லாமலும் அதே ஊரில் வாழ்ந்துகொண்டிருக்கிற மனிதர்களைப் பார்த்துப் பிள்ளைகள் பயந்து ஓடுவதற்குப் படம் எடுத்துக் கொடுக்கிற வேலை இது. மனநோய்க்கு மருந்து எடுக்கிறவர்களுக்கும் அதே அநியாயம். சோம்பேறித்தனமான திரைக்கதை என்பது வேறு, அதற்குப் பிறகுதான். காரணம் தோன்றவில்லை என்றால் காரணத்தை விட்டுவிடுங்கள்.

முடிவில் பிணம் காணாமல் போகிற உத்தியிலும் கவனம் வேண்டும். 1978 ‘ஹலோவீன்’ முடிவில் வைத்தியர் முகமூடிக்காரனை ஆறு தரம் சுடுகிறார், அவன் மாடியில் இருந்து விழுகிறான், எட்டிப் பார்த்தால் புல்தரை வெறுமை. அமெரிக்கப் பார்வையாளர்களுக்கு அது மயிர்க்கூச்செறியும் முடிவு. கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலடியில் 2017 பெப்ரவரியில் தாய்மார் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு உட்கார்ந்தார்கள். அந்தத் தாய்மாருக்கு ‘உடல் கிடைக்கவில்லை’ என்பது உத்தி இல்லை. எடுக்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வெறுமையான தரையைக் காட்டுவதானால், பார்க்கிறவர்களில் யாருக்கு அது என்ன சொல்லும் என்று தெரிந்து காட்ட வேண்டும்.

இதைச் சரியாகக் கையாண்ட படம் ஒன்று உண்டு. 1992இல் வந்த ‘கான்டிமான்’ சிக்காகோவின் கப்ரினி கிறீன் என்ற வறிய கறுப்பின மக்களின் மாடிக் குடியிருப்பில் நடந்தது. வெளியில் இருந்து ஆய்வுக்கு வரும் வெள்ளைக்காரப் பெண்ணின் கண்ணால் கதை சொல்லப்பட்டது. 2011க்குள் அந்த மாடிகள் இடிக்கப்பட்டுவிட்டன. 2021இல் நியா டகொஸ்ரா அதைப் புதிதாக எடுத்தபோது, இடிபட்ட இடத்தில் எழும்பிய வசதியான வீடுகளுக்குக் குடிவந்த ஒரு கறுப்பின ஓவியனைக் கதையின் நடுவில் வைத்தார். பழைய கொடுமைகளை இரத்தமாகக் காட்டாமல் நிழற்பாவைகளால் சொன்னார். யாருடைய கண் என்பதை மாற்றினார், இடத்துக்கு என்ன நடந்தது என்று கேட்டார். கொலைகாரனின் கொக்கிக் கை இரண்டாம் பட்சம்.

“சிக்னல் இல்லை”

1974ஆம் ஆண்டு ‘பிளாக் கிறிஸ்மஸ்’ படத்தில் அழைப்பு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க, தொலைபேசி நிலையத்தில் ஒருவர் இயந்திர அடுக்குகளுக்கு இடையே ஓடவேண்டியிருந்தது. இன்று திரையிலேயே இலக்கம் தெரிகிறது. அதனால் எல்லாத் திரைக்கதையிலும் முதல் பத்து நிமிடத்தில் ஒருவர் போனை உயர்த்திப் பிடித்துச் சிக்னல் இல்லை என்பார். வன்னிக் காட்டோரத்தில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனாலும் பார்க்கிறவன் நம்பமாட்டான், ஏனென்றால் நூறு படத்தில் கேட்டுவிட்டான்.

போனைப் பறிக்காதீர்கள், அதையே பயமாக்குங்கள். 2022 ‘ஸ்கிறீம்’ தொடக்கத்தில், போனால் பூட்டித் திறக்கிற வீட்டுக் கதவுகளையே வைத்து விளையாடினார்கள். நம்முடைய வீடுகளில் அப்படிப் பூட்டு இல்லை, படலைக்குக் கம்பிதான். ஆனால் ரொறொன்ரோவில் இருக்கிற அக்காவோடு வீடியோவில் கதைத்துக்கொண்டிருக்கும்போது, தங்கைக்குப் பின்னால் யன்னலில் ஓர் ஆள் நிற்பதை அக்கா பார்க்கிறாள் என்று வையுங்கள். சிக்னல் முழுதாக இருக்கிறது. அவளால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. ஊர் வாட்ஸ்அப் குழுவில் அரைமணித்தியாலத்தில் நான்கு விதமாக மாறுகிற குரல்பதிவுகள் இன்னொரு வழி. 2011இல் கிறீஸ் பூதத்துக்குப் பயந்து, அந்த வசதி இல்லாமலேயே ஊரே பொல்லோடு ஒழுங்கையில் நின்றது.

இரத்தமும் வெடியும்

‘த ரெக்சஸ் செயின் சோ மசாக்கர்’ என்ற பெயரைக் கேட்டவர்கள் 1974 படத்தில் வாளி வாளியாக இரத்தம் ஓடுவதாக நினைப்பார்கள். உண்மையில் திரையில் தெரிவது மிகக் கொஞ்சம். ‘ஹலோவீன்’ இன்னும் குறைவு. இரத்தம் பெருகியது பின்னால் வந்த பாகங்களில்.

இங்கே இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. 2009 இறுதிப் போரைத் தாண்டி வந்தவர்களுக்குக் கிழிந்த உடலைக் காட்டிப் பயமுறுத்தலாம் என்று நினைப்பது அறியாமை. அவர்கள் எழுந்து போவார்கள், அது உங்கள் படத்தின் வெற்றி ஆகாது. திடீரென்று பெரிய வெடிச்சத்தம் போட்டுத் துள்ளவைக்கிற வேலையும் அப்படித்தான். ஷெல்லுக்குப் பதுங்குகுழிக்குள் ஓடியவரின் உடம்பு துள்ளுவதற்கும் உங்கள் திறமைக்கும் சம்பந்தமில்லை.

சத்தத்தை வேறுவிதமாகப் பாவிக்கலாம். கார்ப்பென்டர் தன் படத்தை இசை இல்லாமல் ஒரு ஸ்ரூடியோ அதிகாரிக்குக் காட்டியபோது அவருக்குப் பயமே வரவில்லையாம். பிறகு தானே பியானோவில் ஐந்து தட்டுத் தாளத்தில் அந்த மெட்டைப் போட்டார். அதைக் கொப்பியடிக்க வேண்டாம். இரவு வயல்வெளியில் ஆள் நடந்தால் ஆட்காட்டிக் குருவி கத்தும். முதலில் குளக்கட்டுப் பக்கம், பிறகு வாய்க்காலடியில், பிறகு உங்கள் வேலியோரம். ஆள் திரையில் வரவே தேவையில்லை. அல்லது தூரத்தில் ஒரு வெடி. வீட்டுக்குள் இருக்கிறவர் “யானைக்குப் போடுறாங்கள்” என்று திரும்பிப் படுக்கிறார். உதவிக்கு யாரும் வராததற்கு இதைவிட நல்ல காரணம் எந்த ஹொலிவூட் எழுத்தாளருக்கும் கிடைக்காது. யானைச் சரசரப்பும் மயில் அகவலும் இணையத்தில் எடுத்தால் எடுபடாது. போனும் ஒரு மைக்கும் போதும், போய்ப் பதிந்து வாருங்கள்.

கடைசியில் மிஞ்சுகிற பெண்

இந்த வகைப் படங்களில் கடைசிவரை உயிரோடு நின்று கொலைகாரனை எதிர்கொள்கிற பெண்ணைப் பற்றி 1987இல் கரோல் குளோவர் எழுதினார். காதலித்தவள் சாவாள், ‘ஒழுக்கமானவள்’ பிழைப்பாள் என்ற பழைய சட்டத்தை இன்றும் கொண்டுவருகிறவர்கள் உண்டு. நம் ஊர் ஒழுக்கப் பேச்சோடு அது நன்றாகவே ஒட்டிக்கொள்ளும், ஆகவே கூடுதல் ஆபத்து. அதற்கு மாற்றாக அவளுக்குக் கராத்தே பழக்கிவிடுவதும் பொய்தான். கணவன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளோடு காணியைக் காத்து, காவல் கொட்டிலில் இரவிரவாக யானைக்குத் தீ மூட்டி இருந்த பெண்கள் இங்கே எந்த ஊரிலும் இருக்கிறார்கள். இருட்டில் எந்தச் சத்தம் எது என்று அவளுக்குத் தெரியும். பத்தொன்பது வயது இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

படம் தொடங்க முன்

உரிமை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெயர், முகமூடி, இசை மூன்றும் யாருக்கோ சொந்தம். 1980 ‘ஃப்ரைடே த 13த்’ எழுதியவருக்கும் தயாரிப்புத் தரப்புக்கும் நடந்த வழக்கு 2021 வரை இழுபட்டது, அதற்குள் புதிய படம் எதுவும் வரவில்லை. இலங்கையிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. கதையின் அமைப்பில் இருந்து கற்றுக்கொள்ளலாம், அந்த வெள்ளை முகத்தையும் பியானோ மெட்டையும் போட்டு யூடியூப்பில் ஏற்றினால் படம் தூக்கப்படலாம்.

படப்பிடிப்பு இடம் இன்னும் முக்கியம். முகம் மூடி, கத்தியோடு, இரவு பத்து மணிக்கு ஒழுங்கையில் நடப்பவர் நடிகர் என்று ஊருக்குத் தெரியாது. கிராம சேவையாளர், பொலிஸ், அக்கம்பக்கம் மூன்றுக்கும் முன்கூட்டிச் சொல்லுங்கள். பாழடைந்த வீடு என்று நீங்கள் நினைப்பதற்கு வெளிநாட்டில் சொந்தக்காரர் இருப்பார், ஊரில் அவருடைய சித்தப்பா இருப்பார், அவரிடம் கேளுங்கள். மண்டையோடு போட்ட மிதிவெடி எச்சரிக்கைப் பலகை இருக்கிற பக்கம், காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும், கால் வைக்க வேண்டாம். கண்ணிவெடி அகற்றி முடியாத காணிகள் இன்னும் இருக்கின்றன. சனசமூக நிலையத்து முற்றத்தில் திரை கட்டிக் காட்டுவதானால் முன்வரிசையில் சின்னப்பிள்ளைகள்தான் வந்து இருப்பார்கள். அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஒன்பது மணிக்குப் பிறகு போடுங்கள்.