பொறாமை வந்தால் போனை எடுக்காதீர்கள்

துணையின் போனை எடுத்துப் பார்ப்பதை முதலில் நிறுத்துங்கள். லாஸ்ட் சீன் பார்ப்பது, யார் லைக் போட்டார்கள் என்று தேடுவது எல்லாம் இதில் சேர்த்திதான். ஒன்றும் சிக்காவிட்டால் கொஞ்ச நேரம் நிம்மதி. அப்புறம் 'அழித்திருப்பாரோ' என்று தோன்றும். ஏதாவது சிக்கினாலோ, "என் போனை ஏன் எடுத்தே?" என்பதிலேயே சண்டை சிக்கிக்கொள்ளும்.

1989-இல் ஃபைஃபர், வாங் என்ற ஆய்வாளர்கள் பொறாமையை மூன்றாகப் பிரித்து அளந்தார்கள்: மனதில் ஓடும் சந்தேகம், உள்ளே எழும் வலி, நாம் செய்யும் வேவு. வலி கேட்டுக்கொண்டு வராது. வேவு நம் கையில் இருக்கிறது, அதனால் அங்கே தொடங்குவது சுலபம்.

அடுத்து, சரியாக எது குத்துகிறது என்று பாருங்கள். என் கணவருக்கு வேலையிடத்தில் ஒரு தோழி உண்டு. அவர்கள் சிரித்துப் பேசுவது என்னை ஒன்றும் செய்யவில்லை. இவர் வேலையை விட்டுவிட யோசிப்பது அவளுக்குத் தெரிந்து எனக்குத் தெரியாமல் இருந்ததே, அதுதான் சுருக்கென்றது. விட்டுப் போய்விடுவாரோ என்ற பயம் வேறு, எனக்குக் கிடைக்காத பேச்சு இன்னொருவருக்குக் கிடைக்கிறதே என்ற ஏக்கம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு பேசப் போனால் பேச்சு எங்கோ போய்விடும்.

பேசும்போது கேட்பது சின்னதாக, செய்யக்கூடியதாக இருக்கட்டும். நான் சொன்னது இவ்வளவுதான்: "வேலையை விடுற யோசனையை வேற ஒருத்தர் சொல்லித் தெரிஞ்சுக்கிட்டது கஷ்டமா இருந்துச்சு. இந்த மாதிரி விஷயத்தை முதல்ல என்கிட்ட சொல்லுங்க." அவள் பெயரை இழுக்கவில்லை. 'அவளோடு பேசாதே' என்று கேட்டால் பேச்சு நிற்காது, மறைவாக நடக்கும்.

வரும் பதில் பிடிக்காமலும் போகலாம். "உன்கிட்ட சொன்னா உடனே கடன் கணக்குப் போட ஆரம்பிச்சுடுவே" என்றார். (கணக்குப் போடாமல் எப்படி இருப்பது? அது தனிக் கதை.) இப்போதெல்லாம் அவர் ஆரம்பித்ததுமே, "யோசனை வேணுமா, கேட்டுக்கிட்டா மட்டும் போதுமா?" என்று கேட்டுவிடுகிறேன். பாதி நாள் இரண்டாவதுதான் வேண்டியிருக்கிறது.

துணை உங்களை வேவு பார்த்து, வெளியே போகவிடாமல் மிரட்டினாலோ அடித்தாலோ இந்த வழிகள் உதவாது. தனியாகச் சமாளிக்காமல், நம்பகமான ஒருவரிடம் உடனே சொல்லுங்கள்.