வியட்நாமியப் பாடகியரைக் கேட்கத் தொடங்குவது எப்படி?

2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ரீல்ஸ் பார்த்தவர்களில் பலர் 'டிங் டிங் டாங் டாங்' என்று ஓடும் ஒரு துண்டைக் கேட்டிருப்பார்கள். அது வியட்நாமியப் பாடகி ஹுவாங் துய் லின் 2022-இல் வெளியிட்ட 'சீ தின்' பாடலின் வேகம் கூட்டப்பட்ட வடிவம். வேகத்தோடு சுருதியும் ஏறிவிடுவதால் அவருடைய உண்மையான குரல் அதில் இல்லை. ஆகவே முதல் வேலையாக முழுப் பாடலையும் அதன் இயல்பான நடையில் ஒருமுறை கேளுங்கள். தலைப்பிலேயே ஒரு சிலேடை உண்டு: 'சி தின்' என்றால் காதல் பித்து, அதன் முதல் சொல்லை, 'பார்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளில் எழுதியிருக்கிறார்கள்.

அடுத்து, பெயர்களைப் பழகிக்கொள்ளுங்கள். இதில் தமிழருக்கு ஒரு வசதி இருக்கிறது. வியட்நாமியத்தில் சொல்லின் முதலில் வரும் 'என்-ஹெச்' நம் ஞகரம், 'என்-ஜி' நம் ஙகரம். ஆங்கிலேயர் திணறும் இடத்தில் நாம் ஹோங் ஞுங் என்ற பாடகியின் பெயரை எளிதாகச் சொல்லிவிடலாம். 'எம்-ஒய்' என்று கண்டால் 'மை' என்று படிக்காதீர்கள், அது 'மீ'. குடும்பப் பெயர் முதலிலும் சொந்தப் பெயர் கடைசியிலும் வரும் என்பதால், ஒருவரைச் சுருக்கிக் குறிப்பிடும்போது கடைசிச் சொல்லையே பயன்படுத்துவார்கள். மேற்குறிகளை விட்டுவிட்டு வெறும் ரோமன் எழுத்தில் தட்டினாலும் யூடியூப் கண்டுபிடித்துக் கொடுத்துவிடும்.

பாடல் வரிகளில் முதலில் பிடிக்க வேண்டியவை இரண்டே சொற்கள்: 'அன்', 'எம்'. முன்னது அண்ணன், பின்னது தங்கை அல்லது தம்பி. ஆனால் காதல் பாடலில் காதலன் 'அன்', காதலி 'எம்'. அண்ணா என்று அழைத்துவிட்டால் காதல் கதையே முடிந்துபோகும் நம் ஊர்க் காதுக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கும். பத்துப் பாடல் கேட்டால் பழகிவிடும். பாடகி 'எம்' என்னும்போது பெரும்பாலும் தன்னையே சொல்கிறார் என்பது தெரிந்துவிட்டால், மீதி வரிகளின் போக்கை ஓரளவு ஊகிக்கலாம்.

இனி மெட்டைக் கவனியுங்கள். வியட்நாமியத்தில் குரலின் ஏற்ற இறக்கமாகிய தொனியே சொல்லின் பொருளை மாற்றிவிடும்; அதன் வடக்கு வழக்கில் ஆறு தொனிகள் உள்ளன. 'மா' என்ற ஒரே அசை தொனிக்கேற்பப் பேய், ஆனால், கன்னம், கல்லறை, குதிரை, நாற்று என்று மாறும். ஏறு தொனியுள்ள சொல்லை இறங்கும் சுரத்தில் வைத்தால் கேட்பவருக்கு வேறு சொல்லாகப்படலாம் என்பதால், மெட்டமைப்பவர் சொல்லின் தொனியையும் பார்த்தே சுரம் வைக்கிறார்; எஞ்சியதைப் பாடகி சிறு இழைப்பால் சரிசெய்கிறார். நம் காதுக்கு அது கமகம்போல் ஒலிக்கும். இந்த இழைப்பைக் கேட்கப் பழகுவதே இந்த இசையை ரசிக்கும் வழி என்பது என் கருத்து. வீடியோவின் பகட்டு பெரும்பாலும் அதை மறைத்துவிடுகிறது. எனவே ஒருமுறையாவது திரையை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

அதற்கு ஏற்றவர் மீ தாம். 1981-இல் டா நாங்கில் பிறந்த இவருடைய 2017-ஆம் ஆண்டு ஆல்பமான 'தாம் 9', பில்போர்டின் உலக ஆல்பம் பட்டியலில் பத்தாம் இடம் வரை சென்றது. அங்கிருந்து பின்னோக்கிப் போங்கள். தான் லாம், ஹோங் ஞுங், மீ லின், சான் து ஹா ஆகிய நால்வரையும் வியட்நாமியர் 'திவா' என்றே அழைக்கிறார்கள். அவர்களுக்கும் முன்னே, 1960-களின் சைகோனில் மாணவர்கள் கூடிய இடத்தில் வெறுங்காலுடன் நின்று, சின் கோங் சோன் இயற்றிய பாடல்களைப் பாடியவர் கான் லீ. 1975-இல் நாட்டைவிட்டு வெளியேறிய அவர், மீண்டும் தாய்நாட்டில், ஹனோயில், மேடையேற 2014 வரை காத்திருக்க நேர்ந்தது. சோனின் பாடல் ஒன்றை முதலில் கான் லீயின் குரலிலும், உடனே ஹோங் ஞுங்கின் குரலிலும் கேளுங்கள். முன்னவரிடம் அது புகை படிந்த புலம்பலாக இருக்கும். பின்னவரிடம் வெளிச்சம் ஏறியிருக்கும்.

பெண் குழுக்களைத் தேடி வருபவர்கள் சற்று ஏமாறக்கூடும். கொரியாவைப் போலன்றி இங்கே தனிப் பாடகியரின் ஆட்சிதான், குழுக்கள் நீடிப்பதில்லை. ஜப்பானிய ஏகேபி48-இன் சகோதரக் குழுவாக ஹோ சி மின் நகரில் 2018-இல் உருவான எஸ்ஜிஓ48, 2021-இன் இறுதியில் கலைந்துவிட்டது. குழு நடனம்தான் வேண்டும் என்றால், ஏற்கெனவே பெயர் பெற்ற பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து போட்டியிடும் 'சி டெப்' தொலைக்காட்சி நிகழ்ச்சியின் மேடைப் பாடல்களைப் பார்க்கலாம்.

நாட்டுப்புற வாசனையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் இழைப்பு பழகிய காதுக்கே அது முழுதாகச் சுவைக்கும். வடக்கு வியட்நாமின் பாக் நின் மண்ணில் பிறந்த ஹுவா மின்ஸி, தன் ஊரைப் பற்றி 2025-இல் வெளியிட்ட 'பாக் ப்ளிங்' பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்களும் பெண்களும் மாறி மாறிப் பாடும், 2009-இல் யுனெஸ்கோ அங்கீகரித்த 'குவான் ஹோ' என்ற நாட்டுப்புறப் பாட்டு முறை அந்த ஊருடையது. முதலில் அந்தப் பழைய பாட்டு ஒன்றைக் கேளுங்கள். தொண்டைக்குள் சுரத்தை உருட்டித் துள்ளவிடும் அந்த முறை மனத்தில் பதிந்த பிறகு மின்ஸியிடம் வாருங்கள்.