வீட்டுக்குள் இருக்கும் காரீயம்: நாம் செய்யும் தவறுகள்

சென்னையில் காற்று மாசைப் பற்றி என் வயது நண்பர்கள் நிறையப் பேசுகிறார்கள். ஈய நச்சு என்றால் மட்டும், "அது பேட்டரி கம்பெனி பக்கம் இருப்பவர்களுக்குத்தானே?" என்று கேட்கிறார்கள். 2000-ஆம் ஆண்டிலேயே ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டதால், பிரச்சினை அதோடு முடிந்தது என்ற எண்ணமும் உண்டு. முடியவில்லை. அது நம் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம்.

ஈயம் என்ற சொல்லே நம்மைக் குழப்புகிறது. பாட்டி ரசம் வைத்த ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. நஞ்சு என்பது காரீயம் (லெட்), அது வேறு உலோகம். பெட்ரோல், பெயின்ட், ரத்தம் என்று பேசும்போது ஈயம் என்பது இந்தக் காரீயத்தைத்தான். சுத்தமான வெள்ளீயச் சொம்பில் காரீய ஆபத்து இல்லை. ஆனால் காரீயம் விலை குறைவு, கலந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது, புளி ரசம் கொதிக்கும்போது கரைந்து இறங்கும். ஊர் நினைவில் ஆன்லைனில் மலிவாகக் கிடைத்த சொம்பை நம்பி வாங்குவது தவறு. பளபளப்பையும் கனத்தையும் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. ஆய்வகச் சோதனைச் சான்று தருபவரிடம் வாங்குங்கள். இல்லையென்றால் எவர்சில்வரிலேயே ரசம் வையுங்கள், பரவாயில்லை.

எனக்கு அதிகம் கவலை தருவது பழைய பெயின்ட். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமல் பெயின்ட், முக்கியமாக மஞ்சளும் சிவப்பும், ஜன்னல் கம்பியிலும் கதவிலும் இன்னும் இருக்கும். வாடகைக்கு வந்த வேகத்தில் நாமே உப்புத்தாள் வாங்கி வறட்டுத் தேய்ப்பாகத் தேய்க்கிறோம். அந்தத் தூசிதான் ஆபத்து. தேய்த்தே ஆக வேண்டுமென்றால் நனைத்துத் தேய்க்க வேண்டும். முகக்கவசம் அவசியம். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அன்று அந்த வீட்டில் இருக்கக் கூடாது. அப்புறம், துடைப்பத்தால் பெருக்காதீர்கள். ஈரத்துணியால் துடையுங்கள்.

மஞ்சளை முழுக்கிழங்காக வாங்கினால் கலப்படமே இருக்காது என்பதும் சரியல்ல. நிறம் கூட்ட லெட் குரோமேட் என்ற, ஈயம் உள்ள மஞ்சள் நிறப்பொடியைக் கிழங்கின் மேலேயே பூசுவது உண்டு. வங்கதேசத்தில் இதைக் கண்டுபிடித்துப் பெரிய நடவடிக்கையே எடுத்தார்கள். கண்ணைப் பறிக்கும் மஞ்சள் நிறத்தைத் தேடிப் போகாதீர்கள். குடிதண்ணீரில் ஈயம் கலந்திருந்தால், கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஈயம் போகாது. குழந்தைக்குக் கடைக் கண்மையும் சுர்மா என்ற கண் பொடியும் வேண்டவே வேண்டாம், அவற்றிலும் ஈயம் இருக்கலாம்.

உடம்பில் ஏதாவது தெரிந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். பெரும்பாலும் எதுவும் தெரியாது. தெரிந்தாலும் சோர்வு, வயிற்றுவலி, ரத்தசோகை என்று வேறு பெயரில் போய்விடும். இந்த அளவு வரை பாதுகாப்பானது என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். உள்ளே போன ஈயம் எலும்பில் பல ஆண்டுகள் தங்கி, கர்ப்ப காலத்தில் ரத்தத்துக்குத் திரும்பி, கருவையும் எட்டும். இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த உடல் அதை இன்னும் அதிகமாக உறிஞ்சும்.

வழக்கமான முழு உடல் பரிசோதனையில் ரத்த ஈய அளவு பெரும்பாலும் இருக்காது. பழைய பெயின்டைச் சுரண்டியிருந்தாலோ, சால்டரிங் (ஈயம் கலந்த பற்றாசு உருக்கி ஒட்டும்) வேலை செய்பவராக இருந்தாலோ, குழந்தை பெறத் திட்டமிடும்போது டாக்டரிடம் அதைச் சொல்லி, இந்தப் பரிசோதனை வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள்.